குப்பம்மாள் என்கிற கிறிஸ்டினா

ஏழாம் நம்பர் கட்டிலுக்குக் கட்டுப் பிரிக்கிற நாளில் கிறிஸ்டினா காலை நாஷ்டாவைத் தொட மாட்டாள். கும்மிடிப்பூண்டி மிஷன் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் ஒன்பது வருஷமாக நர்ஸாக இருப்பவள் அவள். வாடைக்குக் குமட்டுகிற காலமெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆனால் ஏழாம் நம்பரில் கிடந்த தேசப்பன் அவள் தம்பி ஸ்டீபனோடு ஒரே ஷிப்டில் ஒரே உலைமுன் நின்றவன். சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடுகிற கம்பெனி. உள்ளே போட்ட தகர டப்பா ஒன்றில் மழைத் தண்ணீர் இருந்திருக்கிறது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. டப்பா உலைக்குள் விழுந்ததும் காய்ச்சின இரும்பு மேலே எழும்பித் தெறித்தது. ஸ்டீபன் அந்த நேரம் பார்த்து ஒன்றுக்குப் போயிருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

கட்டுப் பிரிப்பதில் அவசரம் கூடாது. சலைனை ஊற்றி, துணி ஊறுகிறவரை காத்திருந்து, ஓரத்திலிருந்து நூல் நூலாக எடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் நேற்று முளைத்த தோல் துணியோடு வந்துவிடும். ஒரு கட்டுக்கு ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணியும் நோயாளியைப் பேசவைத்துக்கொண்டே இருப்பது கிறிஸ்டினாவின் வழக்கம். பேசுகிறவன் கத்துவது குறைவு.

"சீமைக்குப் போறியாமே சிஸ்டரு. ஸ்டீபன் சொல்லிக்கினு இருந்தான்," என்றான் தேசப்பன்.

"இன்னும் பேப்பரு ரெடியாவல. கைய அசைக்காத."

"அங்க இந்தக் காயத்துக்கு இன்னா பண்ணுவாங்கோ?"

"மொதல்ல மயக்கம் குடுத்துடுவாங்களாம். மூணாம் நாளே செத்த தோல வெட்டி எடுத்துட்டு, தொடையிலர்ந்து நல்ல தோலு எடுத்து வெச்சி ஒட்டுவாங்களாம். அதுக்குன்னே தனி ரூமு, தனி ஆளு."

"அப்ப கத்த மாட்டான்."

"கத்த மாட்டான்."

தேசப்பன் கூரையைப் பார்த்தான். பிறகு, "போய் கத்துக்கினு வா. நான் ஒரு வருஷம் இப்டியே படுத்துக்கினு கீறேன்," என்றான். சிரிக்கப் பார்த்தான், உதடு வெடித்திருந்ததால் முடியவில்லை.

அவனுக்கு உடம்பில் நாற்பத்தைந்து பர்சன்ட் வெந்திருந்தது. வார்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. நாற்பதைத் தாண்டினால் நாளை எண்ண வேண்டியதுதான். "அந்த ஊர்ல அறுபது பர்சன்ட் ஆளு நடந்து வீட்டுக்குப் போறான் கிறிஸ்டினா. நம்ம கிட்ட மருந்து இல்லாம இல்ல, கை தெரிஞ்ச ஆளு இல்ல," என்று பெரிய டாக்டரம்மா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். இரண்டு வருஷம் கடிதம் எழுதி, இங்கிலாந்தில் ஒரு சபை நடத்தும் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு நர்ஸுக்கு ஒரு வருஷம் படிப்பும் பயிற்சியும் வாங்கியிருந்தார். பதினாலு பேர் பரீட்சை எழுதினார்கள். கிறிஸ்டினா இங்கிலீஷில் ஒரு தரம் கவிழ்ந்து, மறுதரம் தேறினாள். திரும்பி வந்ததும் நாலு கட்டிலோடு தனி அறை, அவள் பொறுப்பில். அறைக்குச் சுண்ணாம்புகூட அடித்தாகிவிட்டது.

ஆசை என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. அந்த ஒன்பது வருஷத்தில் தன் கையில் செத்தவர்களின் முகம் ஒவ்வொன்றும் அவளுக்கு நினைவிருந்தது. போகாமல் இருக்க அவளால் முடியாது.

போவதற்குத் தடையாக வந்தது அவள் பெயர்.

ஆபீஸில் பேப்பர் பார்க்கிற மேரி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். முன்னால் இரண்டு தாள்கள். ஒன்று பாஸ்போர்ட்டின் நகல், இன்னொன்று ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல்.

"இது சபை குடுக்கற ஸ்காலர்ஷிப்பு. அதனால பாஸ்டர் லெட்டரும் ரிஜிஸ்டர் காப்பியும் கேக்கறாங்கோ. ரிஜிஸ்டர்ல நீ கிறிஸ்டினா. பாஸ்போர்ட்ல குப்பம்மாள், இந்து ஆதிதிராவிடர் சர்ட்டிபிகேட்டு வெச்சி எடுத்தது. அவன் எந்தப் பொம்பளைக்கு டிக்கெட் அனுப்புவான்?"

"ரெண்டும் நான்தான்னு உனக்குத் தெரியாதா மேரிக்கா?"

"எனக்குத் தெரியும், இங்க கீற பூனைக்கும் தெரியும். லண்டன்காரனுக்குத் தெரியணுமே. நோட்டரி கிட்ட ஒரு அபிடவிட்டு, அப்புறம் கெஜட்டு. 'குப்பம்மாள் என்கிற கிறிஸ்டினா, இருவரும் ஒருவரே, மதம் கிறிஸ்தவம்'னு அச்சுல வரணும். மாசக் கடைசிக்குள்ள குடுத்துடு. அதுக்கு மேல அவங்கோ காத்துக்கினு இருக்க மாட்டாங்கோ."

காலனியில் இது புதுச் சங்கதி இல்லை. அங்கே பிறந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர், கர்த்தருக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று. ஞானஸ்நானம் வாங்கியது தெரிந்தால் எஸ்.சி. சான்றிதழ் செல்லாது. முழுக்கு வாங்கினவுடன் சேரிக்காரன் சேரிக்காரன் இல்லை என்று சர்க்கார் சொல்லிவிடும். டீக்கடைக்காரன் மட்டும் சொல்ல மாட்டான், தனி கிளாஸ்தான் கொடுப்பான். ஆகவே பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் பேர் கேட்டால் செத்துப்போன அத்தை பேரோ, திருவள்ளூர்ப் பெருமாள் பேரோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவார்கள். கிறிஸ்டினா குப்பம்மாள் ஆனாள். ஸ்டீபன் வீரராகவன் ஆனான். நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது குப்பம்மாளுக்கு. பாடல் குழுவில் பாடுகிறவள் கிறிஸ்டினா. இருபத்தைந்து வருஷம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் ஒரே உடம்பில் இருந்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவள் விஷயத்தைச் சொன்னாள். அம்மா ஞானம்மா அடுப்பின் முன் உட்கார்ந்து கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள். கம்பெனி கேன்டீனில் எட்டு மணி நேரம் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து வீட்டிலும் கழுவுகிற கை அது. விரல் சந்தெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். அப்பா சுப்பராயன் வாட்ச்மேன் சட்டையைக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். ஐப்பசி பிறந்தும் மழை இறங்காத புழுக்கம். கொடியில் காய்ந்த துணியில் கம்பெனிக் கரி பொட்டுப் பொட்டாகப் படிந்திருந்தது.

"வர்ற வியாழக்கிழமை ஆர்.ஐ. வராரு," என்றார் சுப்பராயன் கடைசியில்.

அதுதான் சிக்கல். ஸ்டீபனுக்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஹெல்பர் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. நிரந்தர வேலை, உலைமுன் நிற்க வேண்டாத வேலை. எஸ்.சி. ஒதுக்கீட்டில் வீரராகவனுக்கு வந்தது. சான்றிதழ் உண்மையா என்று வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கே வந்து விசாரிப்பார். அக்காள் கிறிஸ்தவம் என்று கெஜட்டில் அச்சாகி வந்தால், ஒரே தகப்பனுக்குப் பிறந்த தம்பி எப்படி இந்து என்று கேட்பார்கள்.

"அவரு வந்துட்டுப் போனப்பறம் கெஜட்ல போட்டா?" என்றாள் ஞானம்மா.

"எப்பப் போட்டாலும் மாட்டிக்கும்மே. கெஜட்டுன்றது சர்க்காரு பொஸ்தகம். வேலைக்குச் சேந்து பத்து வருசம் கழிச்சிகூட புடுங்கிப்பான், கேஸும் போடுவான்."

ஸ்டீபன் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தான். இருபத்தாறு வயது. முன்கை முழுக்கச் சின்னச் சின்னப் பொறி பட்ட தழும்பு. "அக்கா போவட்டும் நைனா. ரெண்டு வருசமா அது கண்ணு முழிச்சிப் படிச்சிக்கினு கீது. எனக்கு இந்த வேலை இல்லனா இன்னொண்ணு."

"இன்னா இன்னொண்ணு? உனக்கு வயசு தாண்டிப்போனா எவன்டா குடுப்பான்?"

"ஃபர்னஸ்லயே இருந்துக்கறேன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் கிறிஸ்டினா எழுந்துபோய்க் கை கழுவினாள். தம்பிமேல் அவளுக்குக் கோபமே வந்தது. எதற்காக அவன் இவ்வளவு நல்லவனாக இருக்க வேண்டும்? சண்டை போட்டிருந்தால் அவளும் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பாள்.

விதியை வெளியில் தேட வேண்டாம், வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்பார்கள். செவ்வாய்க்கிழமை காலை டூட்டிக்குப் போகும்போது, ஜி.என்.டி. ரோடு முனையில் ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் கிறிஸ்டினா தன்னையே பார்த்தாள். பத்தடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸ் பேனர். யூனிபாரம் போட்டு, தொப்பி வைத்து, கன்னத்தில் இல்லாத சிவப்போடு சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு விமானமும் ஒரு பெரிய கடிகாரக் கோபுரமும். 'மேல்படிப்புக்காக இங்கிலாந்து செல்லும் எங்கள் சபையின் செல்ல மகள் சகோதரி கிறிஸ்டினா, த/பெ. சுப்பராயன், அவர்களை வாழ்த்தி வழியனுப்புகிறோம்.' கீழே வாலிபர் சங்கத்தார் பன்னிரண்டு பேர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். முதல் ஆளாக, மற்றவர்களைவிட ஒரு சுற்றுப் பெரிதாக, 'என்றும் அன்புடன் தம்பி ஸ்டீபன்.'

அவள் ஏறிய ஆட்டோவில் இருந்த பெண்கள் கைகொடுத்தார்கள். ஆட்டோவை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடினாள்.

நைட் ஷிப்டு முடிந்து தூங்கிக்கொண்டிருந்த ஸ்டீபனை சுப்பராயன் காலால் எழுப்பினார்.

"இன்னாடா பண்ணி வெச்சிக்கிற?"

"பதினஞ்சி நாளுக்கு முன்னால குடுத்த போட்டோ நைனா. ஆர்.ஐ. சங்கதி அப்ப எனக்கு எங்க தெரியும்? திருவள்ளூர்ல அடிச்சிக்கினு வந்து காலைல கட்டிக்கீறானுங்கோ." அவன் எழுந்து உட்கார்ந்தான். "அக்காவுக்கு இன்னா செய்றதுன்னு தெர்ல. ஊரு பாக்கணும்னு ஆசை."

காலனியில் இதுவரை எவர் படமும் அந்த முனையில் தொங்கியதில்லை. கட்சிக்காரன் படம், கல்யாண மாப்பிள்ளை படம், காதுகுத்துக் குழந்தை படம் எல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஆட்களுடையது. ஸ்டீபனுக்கு அந்தப் பெருமை வேண்டியிருந்தது. அதில் என்ன தப்பு என்று யார் கேட்க முடியும்? சொந்தக் கையாலேயே அவன் தன் வேலைக்கு எதிரான சாட்சியைப் பத்தடிக்கு எட்டடி அளவில் அச்சடித்துத் தொங்கவிட்டிருந்தான்.

பத்து மணிக்குள் அப்பனும் மகனுமாகப் போய் அவிழ்த்து, சுருட்டி, சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஆர்.ஐ. அருணாச்சலம் தினமும் ஒன்பது மணிக்கு அந்த வழியாகத்தான் ஆபீஸ் போகிறவர்.

வியாழக்கிழமை கிறிஸ்டினா அரைநாள் லீவு சொல்லியிருந்தாள். காலையில் தேசப்பனுக்குக் கட்டு மாற்ற வேண்டிய முறை. அவள் சலைன் பாட்டிலோடு போனபோது அவன் கண் ஒரு மாதிரி செருகியிருந்தது. காய்ச்சல் இறங்கிக் கை ஜில்லிட்டிருந்தது. காயத்தில் சீழ் வைத்து அது ரத்தத்தில் கலந்துவிட்டால் இப்படித்தான் இருக்கும். அவளுக்குத் தெரியும்.

"சிஸ்டரு, இன்னிக்கி பிரிக்க வேணாம்," என்றான்.

"சரி. வேணாம்."

"ஸ்டீபன அந்த உலை கிட்ட நிக்க வேணாம்னு சொல்லு. அவன் என்னாட்டம் தாங்க மாட்டான்."

அதற்குமேல் அவன் பேசவில்லை. பத்து மணிக்கு டாக்டரம்மா வந்து அவன் கண்ணை மூடிவிட்டார். அவன் பெண்சாதி வராந்தாவில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். கஞ்சி ஆறுவதற்குள் கொடுத்துவிடலாமா என்று கிறிஸ்டினாவிடம் கேட்டாள். ஒன்பது வருஷத்தில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள், ஆனாலும் அந்தச் சேதியைச் சொல்கிற பாஷையை அவள் இன்னும் கற்கவில்லை. அந்த அம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பகல் ஒன்றரைக்கு ஆர்.ஐ. வந்தார். தலை நரைத்த, அலுத்துப்போன மனிதர். நாற்காலி போட்டார்கள். சுவரில் இயேசு படம் இருந்த இடத்தில் நாலு மூலையும் வெளுத்த ஒரு சதுரம் தெரிந்தது. அதன் நடுவில் அவசரத்துக்குக் காலண்டர் ஒன்றை மாட்டியிருந்தார்கள், காலண்டர் சின்னது. ஆர்.ஐ. அந்தச் சதுரத்தைப் பார்த்தார், ஞானம்மா கொடுத்த கலர் சோடாவை வாங்கிக் குடித்தார், ஒன்றும் கேட்கவில்லை.

"உங்க காலனி எனக்குத் தெரியாததா சுப்பராயன்? இதுவரைக்கும் எத்தினி பேருக்கு எழுதிக் குடுத்துக்கீறேன். யாரும் ஒண்ணும் காட்டலனா நானும் ஒண்ணும் பாக்கல. நீங்க ரோட்டு முனையில கட்டி வெச்சிட்டீங்களே." பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார். "எவனோ செல்போன்ல படம் புடிச்சி பெட்டிஷன் போட்டுக்கீறான். இத நான் பதில் இல்லாம மேல அனுப்ப முடியாது."

"இன்னா சார் பண்றது?" என்றார் சுப்பராயன்.

"பொண்ணு எழுதிக் குடுக்கட்டும். ஆஸ்பத்திரியில வேலைக்காக அப்டி கூப்புடறாங்கோ, அந்தப் பேரு என்னுது இல்ல, நான் முழுக்கு வாங்கல, இந்துதான்னு. ஃபைல்ல சேத்துட்டா பையனுக்கு ஓகே பண்ணிடுவேன்." பிறகு கிறிஸ்டினா பக்கம் திரும்பினார். "யோசிச்சிக்கம்மா. எழுதிக் குடுத்துட்டு நாளைக்கி கெஜட்ல வேற மாரி போட்டீன்னா ரெண்டு பேருக்கும் பேஜாரு ஆயிடும்."

"அக்கா எழுதாது சார்," என்றான் ஸ்டீபன். அவன் கதவோரம் நின்றிருந்தான். "நான் எழுதறேன். அது எங்க அக்கா. கிறிஸ்டினாதான். நான் ஸ்டீபன். எனக்கு இந்த வேலை வேணாம்னு போட்டுக்கோங்கோ."

"டேய்," என்றார் சுப்பராயன்.

"நீ சும்மா இரு நைனா. அது போய் கத்துக்கினு வந்தா எத்தினி பேரு பொழைப்பான். தேசப்பனே சொன்னான்."

"தேசப்பன் செத்துட்டான்டா," என்றாள் கிறிஸ்டினா. "பத்து மணிக்கு."

ஸ்டீபன் அவளையே பார்த்தான். மெல்லக் கீழே உட்கார்ந்தான். தழும்பு விழுந்த இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. அவளுக்கு அந்தக் கைகளைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. அவற்றுக்கு எத்தனை பர்சன்ட் வரும் என்று அவள் மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது, ஒரு கை ஒன்பது, இரண்டு கை பதினெட்டு, நெஞ்சும் வயிறும் சேர்ந்தால் முப்பத்தாறு. அவள் படித்த படிப்பு அது.

"சார், பேனா குடுங்கோ."

ஆர்.ஐ. சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். மேற்படி விளம்பரப் பதாகையில் கண்ட பெயர் என்னுடையதன்று. நான் எக்காலத்தும் ஞானஸ்நானம் பெற்றவள் அல்ல. எழுதி முடித்துக் கீழே குப்பம்மாள் என்று கையெழுத்திட்டாள். எத்தனையோ தரம் போட்ட கையெழுத்துதான், அன்று கோணலாக விழுந்தது.

"மூணு காப்பி வேணும்," என்றார் அவர்.

"மூணா?" என்றாள் ஞானம்மா.

"தாலுக்கா ஆபீஸ்க்கு ஒண்ணு, மின்சாரத்துக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

மூன்றாவது தாளில் கையெழுத்துப் போடும்போது கம்பெனியில் இரண்டு மணிச் சங்கு ஊதியது. ஞானம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சேவல் கூவுமுன் சீடன் ஆண்டவரை மூன்று தரம் மறுதலித்த கதையை முப்பது வருஷம் கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். ஆர்.ஐ. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். போகும்போது சுப்பராயனிடம், "அந்தப் படத்த மாட்டிக்கோங்கோ, செவுரு அசிங்கமா கீது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டரம்மாவிடம் அவள் உண்மையைச் சொல்லவில்லை. வீட்டில் சம்மதிக்கவில்லை என்றாள். அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு வருஷம் கிறிஸ்டினா. முன்னாடியே சொல்லியிருந்தா வேற ஒருத்திய அனுப்பியிருப்பேனே." இனி அந்தச் சபை எப்போது கேட்கும், கேட்குமா என்பதே யாருக்கும் தெரியாது. சுண்ணாம்பு அடித்த அறையில் குளுகோஸ் பெட்டிகளை அடுக்கினார்கள். மேரி மட்டும் காரணம் கேட்கவில்லை. இரண்டு நகல்களையும் சேர்த்துக் குண்டூசி குத்தி அவளிடமே கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்டினா டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டாள். பாடல் குழுவில் அவள் இடம் காலியாக இருந்தது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ஸ்டீபன் அத்திப்பட்டுக்கு முதல் ரயிலில் போய்க்கொண்டிருந்தான். வீரராகவன் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க இன்னும் பழகவில்லை என்றான். அவன் கையில் புதுத் தழும்பு இல்லை. கிறிஸ்டினா தினமும் பார்த்தாள்.

அன்று நைட் டூட்டி முடிந்து முழங்கால் தண்ணீரில் நடந்து வீட்டுக்கு வந்தாள். முந்தின நாள்தான் ஏழாம் நம்பர் கட்டிலுக்குப் புது ஆள் வந்திருந்தான், ஐம்பது பர்சன்ட். இரவு முழுக்கக் கத்தினான். சலைன் ஊற்றி ஊற்றி அவள் கை ஊறிப் போயிருந்தது. வீட்டில் ஞானம்மா சுடச்சுடக் கேழ்வரகுக் கூழ் கொடுத்தாள்.

"உள்ள படுத்துக்கோ. ராத்திரி ஒரே ஒழுகல், நைனா காலைல மேல ஏறி கூரைய அடைச்சிட்டாரு."

பாய் காய்ந்திருந்தது. கிறிஸ்டினா படுத்து மேலே பார்த்தாள். கீற்றைப் பிரித்துவிட்டு, மூங்கிலுக்கு மேலே ஃப்ளெக்ஸை விரித்துக் கட்டியிருந்தார் சுப்பராயன். ரோட்டில் போகிறவன் எவனும் படிக்கக்கூடாது என்று எழுத்துப் பக்கத்தை உள்ளே திருப்பிக் கட்டியிருந்தார். தலைக்கு நேர் மேலே யூனிபாரமும் தொப்பியுமாக அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் விமானம். மூங்கிலுக்கும் மூங்கிலுக்கும் நடுவில் 'இங்கிலாந்து செல்லும்' என்பது மட்டும் முழுசாகத் தெரிந்தது. அதன் முதுகில் மழை சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி எறங்குதாடி கிறிஸ்டி?" என்று அடுப்படியிலிருந்து ஞானம்மா கேட்டாள்.

"இல்லமா," என்றாள். "ஒரு சொட்டுகூட எறங்கல."